இரண்டு அங்குலத்தில் ஓர் ஏரி

இந்தப் போர்வையை விரித்துக் காட்டியதும் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: “வேடந்தாங்கல்னு சொன்னீங்களே, பறவை எங்கே?” கொஞ்சம் பின்னால் போய் நின்று பாருங்கள் என்பேன். நாலு எட்டு நகர்ந்ததும் சிலர் ‘அட’ என்பார்கள். சிலருக்குப் பத்து எட்டு தேவைப்படும். இன்னும் சிலர், “நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் ஒரு கொக்கையாவது வெட்டி ஒட்டியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் அந்தக் கொக்கை ஏன் வெட்டி ஒட்டவில்லை என்று இங்கே சொல்லலாம்.

போர்வையின் அகலம் 60 அங்குலம், நீளம் 75. முழுக்க முழுக்கச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் வெட்டும்போது இரண்டு அங்குலம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால் தைத்து முடித்ததும் ஒன்றரை அங்குலம். அகலவாக்கில் 40, நீளவாக்கில் 50, ஆக 2,000 கட்டங்கள். வேடந்தாங்கலின் வானம், மரம், பறவை, தண்ணீர், கரை, கரைக்கு இந்தப் பக்கத்து வயல் எல்லாமே இந்தக் கட்டங்களுக்குள் அடங்கவேண்டும். வளைந்து வெட்டிய துணி ஒன்றுகூட இதில் கிடையாது.

எனக்கு மதுராந்தகத்தில் தையல் தொழில். ரவிக்கைதான் அதிகம். ரவிக்கை தைக்கும் வீட்டில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேரும். ஒட்டுப்போடும் கை அங்கேயிருந்துதான் பழகுகிறது. பழைய சேலையை நாலு மடிப்பாக மடித்துப் பிள்ளைக்கு விரிப்பு தைப்பது நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் இருந்த வழக்கம்தான். அதை யாரும் கலை என்று சொல்லிக்கொண்டதில்லை. துணியை வெட்டி ஒட்டிப் படம் செய்கிற வேலைக்கு நம்மிடம் உயர்ந்த மரபு ஒன்று உண்டு. கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் தாமரையும் மயிலும் தெய்வ உருவமுமாக வெட்டி, அடித்துணிமேல் வைத்துத் தைத்து, ஓரத்துக்குக் கயிறு கொடுத்து நிறுத்துவார்கள். தேர் அசையும்போது தெருமுனையிலிருந்து பார்த்தாலும் மயில் மயிலாகத் தெரியும். அங்கே அப்படித்தான் இருக்கவேண்டும். தெய்வத்தை அடையாளம் தெரியாமல் காட்டினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

ஏரி வேறு. பறவைப் பருவத்தில் கரையில் நின்று பார்த்தால் முதலில் எந்தப் பறவையும் தனியாகத் தெரியாது. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், அவற்றின்மேல் ஏதோ வெள்ளை அப்பிக் கிடப்பது, அந்த வெள்ளையில் ஒரு சலனம். கண் பழகப் பழகத்தான் இது நத்தைகுத்தி, அது வக்கா என்று பிரியும். அந்த முதல் பார்வைதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு கொக்கை வெட்டி ஒட்டிவிட்டால், பார்க்கிறவர் கண் அந்தக் கொக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏரி அதற்குப் பின்னணித் திரையாகிவிடும்.

இந்தச் சதுர வழி என் கண்டுபிடிப்பில்லை. பிரிட்டனைச் சேர்ந்த டெய்ட்ரி ஆம்ஸ்டன் என்பவர் பூப்போட்ட துணிகளைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, நிறத்தைப் பார்க்காமல் வெளிரிலிருந்து அடர்வுக்கு வரிசைப்படுத்தி வைத்தார். எங்கே ஒரு சதுரம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாமல், தண்ணீர் ஊற்றிக் கலைத்த ஓவியம்போல் நின்றது அது. ‘கலர்வாஷ்’ என்று பெயர் வைத்தார். அதன் சூட்சுமம் பூப்போட்ட துணியில் இருக்கிறது. பிளைன் துணி இரண்டைப் பக்கத்தில் வைத்தால் நடுவில் கோடு விழும். சின்னப் பூ, சின்னப் புள்ளி, கிறுக்கல் போட்ட துணிகளைப் பக்கத்தில் வைத்தால் இந்தத் துணியின் இலை அந்தத் துணியின் காம்போடு சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் இதற்குக் கையில் கிடைக்கும் நல்ல துணி சுங்குடி. அதன் வெள்ளைப் புள்ளிகள் அடர்த்தியாக விழுந்த இடம் லைட், பரவலாக விழுந்த இடம் டார்க். ஒரே சேலையிலிருந்து நாலு அளவு கிடைக்கும்.

லைட், டார்க் என்று சொன்னேன். ஜவுளிக் கடையில் தினமும் புழங்குகிற இந்த இரண்டு சொல்லில்தான் இந்த வேலையே இருக்கிறது. இயற்கையைப் பார்த்துத் துணியில் ஏதாவது செய்ய விரும்பி வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் தேடுகிறார்கள். இலைக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம், மரத்துக்குக் காப்பிக்கொட்டை நிறம். எல்லாம் சரியாக வாங்கி வந்து, கவனமாகத் தைத்து, சுவரில் மாட்டினால் எல்லாம் தட்டையாகக் கிடக்கும். பச்சையும் நீலமும் காப்பிக்கொட்டையும் ஒரே அளவு ‘மீடியம்’ ஆக இருந்திருக்கும். மரம் தண்ணீருக்கு முன்னால் நிற்பதைக் கண்ணுக்குச் சொல்வது நிறம் இல்லை, எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்கிற வித்தியாசம். அது சரியாக இருந்தால் மரத்தை ஊதாவில் தைத்தாலும் மரமாக நிற்கும்.

இதைச் சோதிக்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, செல்போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுப்பது. நிறம் போனதும் எந்தெந்தத் துணி ஒன்றாகிவிடுகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். இன்னொன்று, பறவை பார்க்கும் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, தலைகீழ்ப் பக்கமாகப் பார்ப்பது. மூன்றடித் தூரத்தில் இருப்பது முப்பதடிக்குப் போய்விடும். தையல் அறை சின்னதாக இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஏரியைப் பக்கத்தில் கொண்டுவந்த அதே கண்ணாடி போர்வையைத் தூரத்துக்குத் தள்ளுகிறது. சதுரங்களைச் சுவரில் ஒட்டிய பழைய ஃபிளானல் துணிமேல் அழுத்தி வைப்பேன். பருத்திச் சதுரங்கள் பின் இல்லாமலே ஃபிளானலில் ஒட்டிக்கொள்ளும். வைப்பது, பைனாகுலரைத் திருப்பிப் பார்ப்பது, நாலு சதுரத்தை இடம் மாற்றுவது, மறுபடி பார்ப்பது. மிஷின் பக்கம் போவதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி இங்கே நடந்து முடிந்துவிடும்.

துணி வாங்கப் போகும்போது பெயின்ட் கடை ஷேட் கார்டைக் கையில் வைத்துக்கொள்கிறேன். ஏரிக்கரையில் நின்று, காலையில் தண்ணீர் எந்தச் சாம்பல், மாலையில் எந்தச் சாம்பல் என்று கார்டில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வது. போட்டோவை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். செல்போன் கேமரா தண்ணீரைக் கண்டாலே நீலம் பூசிவிடும். மேட்சிங் சென்டருக்குச் சேலை இல்லாமல் போகிற ஆள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

“சேலை கொண்டு வரலியாக்கா? என்ன கலர்னு சொல்லுங்க, எடுக்கறேன்.”

“சேலை இல்ல தம்பி. இந்தக் கார்டுல இருக்கு பாருங்க, இந்தச் சாம்பல். இதுக்கு ஒரு லைட், ரெண்டு டார்க்.”

“இது செவுத்துக்கு அடிக்கிறதுக்கா!”

மேட்சிங் சென்டரைப் போல ஒரு வண்ணப்பெட்டி வேறெங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம். வெளிநாட்டுக் குயில்ட்காரர்கள் சாய வரிசை போட்ட பருத்தித் துணிக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். நமக்கு டூ பை டூ ரூபியாவில் ஒரே பச்சைக்குப் பதினைந்து படிகள் அலமாரியில் அடுக்கிக் கிடக்கின்றன. கால் மீட்டர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் வெட்டித் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: ரூபியா என்று பெயர் சொல்லி பாலியெஸ்டர் கலந்த துணியும் வருகிறது. ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் இஸ்திரிச் சூடு ஒன்றுக்குப் போதாது, மற்றதைச் சுருக்கிவிடும்.

எல்லாவற்றிலும் கடினம் வெள்ளை. நீர்க்கடம்பின்மேல் இருக்கிற வெள்ளையை ஒரே துணியில் வெட்டி வைத்தால் மரத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். உண்மையில் அங்கே எத்தனை வெள்ளை இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைக் கொக்குகள் சுத்த வெள்ளை. நத்தைகுத்தி நாரை சாம்பல் ஓடிய வெள்ளை, சிறகில் கருப்பு. சங்குவளை நாரை வெள்ளைதான், ஆனால் வாலை ஒட்டி ஒரு ரோஜா நிறம் ஏறும். அரிவாள்மூக்கனுக்கு உடம்பு வெள்ளை, தலையும் கழுத்தும் கருப்பு. கரண்டிவாயனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மார்பில் மஞ்சள் படியும். கூழைக்கடா துவைக்காத வெள்ளை. இவை போக எச்சம். கூடு இருக்கும் கிளைகளின் இலைகள்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிந்திருக்கிற வெள்ளை; அதற்கடியில் இலையின் பச்சை மங்கலாகத் தெரியும்.

இதற்கெல்லாம் துணி எங்கள் வீட்டிலேயே இருந்தது. வேட்டி. புது மில் வேட்டி கண்ணைக் கூசுகிற வெள்ளை. அதைக் கொக்குக்கு மட்டும் வைத்தேன், அதுவும் ஒரு மரத்துக்கு ஒன்றிரண்டு கட்டம்தான். நீலம் போட்டுப் போட்டுத் துவைத்த வேட்டி மெல்லிய நீலம் ஓடியது. நிழல் பக்கத்துப் பறவைக்கு அது பொருந்தியது. பல வருஷம் பெட்டியில் கிடந்து பழுப்பேறிய வேட்டி கரண்டிவாயனுக்கு. காடாத்துணி கூழைக்கடாவுக்கு. கடைக்காரர் ‘ஹாஃப் ஒயிட்’ என்று சொல்லும் ரவிக்கைத் துணி நத்தைகுத்திக்கு. சங்குவளைக்கு, சிவப்புச் சேலையோடு சேர்ந்து ஊறிச் சாயம் ஏறிப்போன ஒரு உள்பாவாடைத் துணி. வீட்டில் அதைத் தரை துடைக்க ஒதுக்கியிருந்தார்கள். இப்படி ஒரு ரோஜா நிறத்தைச் சாயப்பட்டறையில் சொல்லிச் செய்து வாங்க முடியாது.

எச்சத்தின் வெள்ளைக்கு வழி துணியின் பின்பக்கத்தில் இருந்தது. அச்சுப்போட்ட துணியைத் திருப்பினால் முன்பக்கத்து அச்சு பாதி வலுவில், பனிக்குப் பின்னால் நிற்பதுபோல் தெரியும். பச்சை இலை அச்சுப்போட்ட கேம்ப்ரிக்கை வாங்கி, மரத்தின் கீழ்ப்பாதிக்கு முன்பக்கத்தையும், கூடுகள் இருக்கும் உச்சிக்குப் பின்பக்கத்தையும் பயன்படுத்தினேன். ஒரே துணி, ஒரே இலை. உச்சி வெளிறிவிட்டது. பின்பக்கத்தைக் காட்டித் தைப்பது தையல்காரர் கைக்குக் கூசும். பழகிவிட்டால் ஒவ்வொரு துணியும் இரண்டு துணி.

நீர்க்கடம்பு சரம் சரமாகச் சிவப்புப் பூ தொங்கவிடும் மரம். அந்தச் சிவப்பை எங்காவது வைக்கலாம் என்று கை துறுதுறுத்தது. வைக்கவில்லை. இத்தனை வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு சிவப்புச் சதுரம் விழுந்தால், ஒட்டாமல் விட்ட அந்தக் கொக்கைவிட மோசமாகக் கண்ணை இழுத்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு வருவோம். தண்ணீருக்கென்று சொந்த நிறம் கிடையாது. மேலே இருப்பதைத்தான் அது திருப்பிக் காட்டுகிறது. ஆனால் அப்படியே காட்டாது. வெளிராக இருப்பதைக் கொஞ்சம் அடர்வாகவும், அடர்வாக இருப்பதைக் கொஞ்சம் வெளிராகவும் காட்டும். ஓவியர்களுக்குத் தெரிந்த விதி இது. அதைச் சதுரங்களில் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம்: மரத்தில் புது வேட்டி வைத்த இடத்துக்கு நேர் கீழே தண்ணீரில் காடாத்துணி, மரத்தில் கருஞ்சாம்பல் வைத்த அடிமரத்துக்கு நேர் கீழே தண்ணீரில் நடுச்சாம்பல். மேலே இருப்பதைக் கண்ணாடிபோல் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் ஒரு படி நடுவுக்குத் தள்ளுவது. இவ்வளவு செய்தாலே, கருப்பு வெள்ளைப் படத்தில் கீழ்ப்பாதி நனைந்துவிடும். நீலம் தேவையே படவில்லை. கொஞ்சம் லுங்கித் துணி மட்டும் சேர்த்தேன், அதன் கோடுகள் கிடைவாக்கில் வருமாறு. கோடு படுத்திருந்தால் தண்ணீர், நின்றிருந்தால் மழை.

லுங்கி என்றதும் சாயம் போகிற கதையைச் சொல்லவேண்டும். கைத்தறிக் கட்டத்துணிகளில் சில, முதல் தண்ணீரிலேயே கலங்கும். 1958-இல் நம் மதராஸ் செக் அமெரிக்காவுக்குப் போய் இதே காரணத்தால் வம்பில் மாட்டியது. கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயர் அனுப்பிய துணியை வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் புரூக்ஸ் பிரதர்ஸுக்கு விற்றார். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசவேண்டும் என்கிற எச்சரிக்கை வாடிக்கையாளர்வரை போய்ச் சேரவில்லை. இயந்திரத்தில் போட்டவர்களின் சட்டைகளில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வழக்குவரை போயிருக்கவேண்டிய விஷயம், ‘சாயம் கலங்கும் என்பதற்கு உத்தரவாதம்’ என்ற விளம்பரமாகத் திருப்பப்பட்டு மோகமாகிவிட்டது. விற்கிறவர் சாமர்த்தியம். வேட்டி வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்கப்போகிற எனக்கு அந்த உத்தரவாதம் ஆகாது. ஆகவே எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன் ஊறவைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்திப் பார்ப்பேன். வெள்ளையில் தடம் விழுந்தால் இன்னும் அலசவேண்டும். விழுந்துகொண்டே இருந்தால் அந்தத் துணி லுங்கியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். சுருங்குவதும் இந்த அலசலிலேயே முடிந்துவிடும்.

போர்வையின் கீழ்ப்பகுதி வயல். வெறும் அழகுக்காகச் சேர்க்கவில்லை. வயல் இல்லாமல் அந்த ஏரியைப் புரிந்துகொள்ள முடியாது. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், பெரிதில்லை. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. உரம் போட்ட தண்ணீர். ஊர்க்காரர்கள் பறவையைக் காத்ததற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இது. வேட்டைக்கு வந்த துப்பாக்கிகளை எதிர்த்து 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லியோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். (எங்கள் மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்ததைப் பார்த்ததாகச் சொல்லும் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். இரண்டு ஏரிக் கதைகளில் ஒரே கலெக்டர்.) 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தபோது பத்திரிகைகள் எழுதின. அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே ஊர் முடிவெடுத்துவிட்டது.

இந்தக் கணக்கு பச்சையில் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மதகை ஒட்டிய கட்டங்களில் அடர்ந்த பச்சை. விலக விலக மஞ்சள் கூடி, போர்வையின் கீழ்விளிம்பில் காய்ந்த வைக்கோல் நிறம். ரவிக்கை வெட்டுத்துணி மூட்டையிலேயே பச்சை எல்லாம் கிடைத்தது. நம் ஊர்ப் பெண்கள் பச்சைச் சேலை உடுத்துவதில் குறைவைப்பதில்லை. ஏரிக்கும் வயலுக்கும் நடுவே கரை, இரண்டு கட்ட அகலத்துக்கு ஒரு செம்மண் பட்டை, இடமிருந்து வலமாகப் படிப்படியாக ஏறும். அந்த ஒரு சாய்வு இல்லையென்றால் போர்வை முழுக்கக் கிடைப்பட்டைகளாகக் கிடந்திருக்கும்.

மேலே வானத்தில் மட்டும் முக்கோணங்கள். அமெரிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் ‘ஃபிளையிங் கீஸ்’ என்கிற கட்டம் அது. செவ்வகம் ஒன்றுக்குள் ஒரு பெரிய முக்கோணம், இரு மூலையிலும் சின்ன முக்கோணம். அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு என்பதால் என் கட்டங்களில் இரண்டின் இடத்தில் அச்சாக உட்காரும். இரண்டுக்கு மூன்றரை அங்குலச் செவ்வகம் ஒன்று, இரண்டு அங்குலச் சதுரம் இரண்டு. சதுரத்தைச் செவ்வகத்தின் ஒரு முனையில் வைத்து மூலைக்கு மூலை தைத்து, வெளிப்பக்கத்தை வெட்டிவிட்டு, மடித்து அழுத்தி, அடுத்த முனைக்கும் அதேபோல். துணி மிச்சம் பிடிக்கிற முறைகள் வேறு இருக்கின்றன. வெட்டி விழும் துண்டுகளுக்கு என்னிடம் எப்போதும் வேலை இருப்பதால் நான் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

அந்த முக்கோணங்களுக்கு நான் வைத்த துணி கரிச்சாம்பல். சாயங்காலம் கூட்டுக்குத் திரும்புவது வெள்ளைக் கொக்குதான். ஆனாலும் மேற்கே வானம் வெளிச்சமாக இருக்கும்போது, அதற்கு முன்னால் பறக்கிற வெள்ளைக் கொக்கு கருப்பாகத்தான் தெரியும். அடுத்தமுறை போகும்போது நிமிர்ந்து பாருங்கள். “கொக்கு கருப்பா?” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதையேதான்.

இனித் தையல். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கற்பனைக்கு வேலையில்லை. வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை விட்டு ரோட்டரி கட்டருக்கு மாறிவிட்டேன். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த அந்த உருளும் கத்தி இல்லாமல் இரண்டாயிரம் சதுரம் ஒரே அளவில் வராது. ரவிக்கையில் ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் உடம்பு ஒத்துக்கொள்ளும். இங்கே ஒத்துக்கொள்ளாது. ஒரு வரிசையில் 40 சதுரம், 39 தையல். தையல் ஒவ்வொன்றும் 1/32 அங்குலம் உள்ளே தள்ளி விழுந்தால், இரண்டு பக்கத் துணியிலும் அந்த அளவு போய், வரிசை முடிவில் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் குறைந்திருக்கும். நம் சாதாரண மிஷினில் பாதத்தின் ஓரம் சரியாகக் கால் அங்குலம் என்று நம்பவேண்டாம். ஊசியிலிருந்து அளந்து, தகட்டின்மேல் டேப் ஒட்டி, அதை ஒட்டியே துணியை ஓட்டவேண்டும். மடிப்பு தின்னும் கனத்துக்காகக் காலுக்கு ஒரு நூல் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இஸ்திரியை இழுக்கக் கூடாது. தூக்கி வைத்து அழுத்தித் தூக்கவேண்டும். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும். ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்பை இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளுடையதை வலப்பக்கமும் சாய்த்து அழுத்தினால், வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்கொன்று எதிராக அமர்ந்து மூலைகள் தாமாகப் பொருந்தும். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே உள்ள தையலில் மட்டும் விதிவிலக்கு. மடிப்பைக் கருப்புப் பக்கம் தள்ளாவிட்டால் வெள்ளை வழியாக அது தெரியும்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் நம் வெயில்தான் கடைசி முடிவெடுக்கும். கடையில் கிடைக்கும் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு ஏசி அறைக்குச் சரி. விசிறிக் காற்றில் படுக்கிற வீட்டில் அதைப் போர்த்திக்கொள்ள மார்கழியில் சில இரவுகள்தான் வாய்க்கும். இலவம் பஞ்சு தலையணைக்கு ஆகும், போர்வைக்கு ஆகாது. வழுக்கி ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும். வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது, பழைய சேலைகளின் அடுக்குத்தான். நானும் இரண்டு பழைய வேட்டிகளை அடுக்கினேன். வண்ணச் சேலை வைத்திருந்தால் மேலே இருக்கிற வெள்ளைகளுக்கு அடியில் நிழலடித்திருக்கும். கீழ்த்துணிக்கு ஒரு நீல லுங்கித் துணி. மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஊக்குகள் குத்திக்கொண்டே போகவேண்டும்.

காந்தாவிடம் நான் கடன் வாங்கியது இன்னொன்றும் உண்டு. நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போனால், அடுக்குத் துணி ஒவ்வொரு தையலுக்கும் இம்மி இம்மியாகச் சுருங்கி, பரப்பு முழுக்க அலை அலையாக எழும்பும். தட்டையான துணி தானாகவே நலுங்கிய தண்ணீராகிறது. அடிமரம் ஒவ்வொன்றையும் சுற்றி வட்ட வட்டமாகத் தையல் ஓட்டினேன். பக்கத்து மரத்து வட்டம் வந்து முட்டுமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து போகும், தண்ணீரில் நடப்பதுபோலவே. வானத்தில் தையலை அகலமாக விட்டேன்; அங்கே அலை எழும்பக் கூடாது. வயலில் நேர்கோடுகள், நாற்று வரிசை. மிஷினில் ஓட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் மிஷின் தையல் கெட்டியாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கைத்தையலில் வருகிற அந்தத் தொளதொளப்பு தண்ணீருக்கு அவசியம்.

வட கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாளப் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்றொரு ஒட்டுப்போர்வை செய்கிறார்கள். அளவுகோல் இல்லை, முன்கூட்டிய வரைபடம் இல்லை. ஒரு மூலையில் தொடங்கி, விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். மூலைகளில் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாக வைத்துத் தைக்காமல் போர்வை முடிந்ததாக அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அளந்து அளந்து சதுரம் வெட்டுகிற என் முறையை அவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். அடுத்து ஒன்று செய்தால் அந்த வழியில், ஏரி வற்றிய ஆண்டை. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் நீர்க்கடம்புகள் வெடித்த சேற்றில் நிற்கும், பறவை வராது. அதற்குச் சதுரம் ஒத்துவராது, வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கே துணியும் ஓடவேண்டும்.

விளிம்புக்குப் பட்டை தைக்கக் கிராஸாக வெட்டிய துணியைத்தான் பலரும் சொல்வார்கள். நேர்விளிம்புப் போர்வைக்கு அது தேவையில்லை. நேராக வெட்டிய இரண்டரை அங்குலப் பட்டையை இரண்டாக மடித்துத் தைத்தால் போதும், ஓரம் இரட்டைத் துணியில் உழைக்கும். நிறம் கரைமண்.

இப்போது அது கட்டிலில் கிடக்கிறது. கண்காட்சிக்காகச் செய்ததில்லை, பகலில் விரிப்பு, மார்கழியில் போர்வை. துவைப்பதுதான் கவலை. சோப்புத்தூள்களில் வெளுப்பு கூட்டும் ரசாயனம் சேர்ந்தே வருகிறது. ஆகவே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தவேண்டும். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். என் மாமியார் ஒரு வேட்டியையும் நீலம் போடாமல் கொடியில் போட்டவரில்லை. முதல்முறை அலசும்போது நீலப் புட்டியோடு வந்து நின்றார்.

“நீலம் மட்டும் வேண்டாம் அத்தை.”

“ஏண்டி? பாதி வெள்ளை மஞ்சளா கெடக்கு, பாதி அழுக்கா கெடக்கு. நாலு சொட்டு விட்டா எல்லாம் ஒரே மாதிரி பளிச்சுனு ஆயிடுமே.”

“அதுக்குத்தான் அத்தை வேண்டாங்கறேன்.”